ஜிம்மா, டம்பெல்லா, தாத்தாவின் கர்லாக்கட்டையா? குன்னூரில் எடை தூக்கத் தொடங்குபவருக்கு

அக்கா மகனுக்கு வெள்ளிக்கிழமை பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. சனிக்கிழமை காலையிலேயே வாசலில் வந்து நிற்கிறான்.

"மாமா, வெயிட் தூக்கலாம்னு இருக்கேன். எதுல சேர்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

கையில் ஒரு சீட்டு. அதில் நான்கு வழிகளை எழுதி வைத்திருந்தான். ஒன்று, கடைவீதி மாடியில் இருக்கும் மெஷின் ஜிம். இரண்டு, பஸ் ஏறிப் போனால் ராடும் (இரண்டு முனையிலும் பிளேட் மாட்டும் நீள இரும்புத் தடி) அதைத் தாங்கும் ரேக்கும் வைத்து ஒரு மாஸ்டர் சொல்லித்தரும் இடம். மூன்று, வீட்டிலேயே ஒரு டம்பெல் செட். நான்கு, காசே ஆகாத வழி: தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழுவது), பரணில் கிடக்கும் தாத்தாவின் கர்லாக்கட்டை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதக் கட்டணம், தூரம், மாஸ்டருடைய கையின் தடிமன் வரைக்கும் குறித்திருந்தான்.

இதே கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் பெரிய ஆள் என்பதால் அல்ல. ஆரம்பத்திலேயே இடுப்பைக் கெடுத்துக்கொண்டு, அப்புறம் பதினைந்து வருடமாகக் கெடாமல் பார்த்துக்கொண்டு வருகிறவன் என்பதால். அந்தக் கதை பின்னால் வரும்.

கட்டணமும் தூரமும் முக்கியம்தான், மழைக்காலத்தில் குன்னூரில் ஒரு கிலோமீட்டர்கூட தூரம்தான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அடிபடாமல் இருக்க வேண்டும் என்றால் நான் கேட்பது இரண்டே கேள்விகள். இந்த வழியில் அடுத்த படி எவ்வளவு உயரம், அதாவது ஒரே தாவலில் எவ்வளவு எடை கூடும்? தூக்க முடியாமல் போகும் அன்றைக்கு அந்த எடை எங்கே போய் விழும்?

முதல் கேள்விக்குக் காரணம் உண்டு. தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மாதம் எடை மளமளவென்று ஏறும். தசை பெருத்ததால் அல்ல. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதால்தான் பெரும்பாலும் அப்படி ஏறுகிறது. பிறகு தசையும் வளரத் தொடங்கும். ஆனால் தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை இறுகி வலுவாக மாதக்கணக்கில் ஆகும். ஆக இரண்டாவது மாதத்தில் வண்டிக்குப் புது இன்ஜின் வந்திருக்கும், பிரேக் பழையதாகவே இருக்கும். நான் பார்த்த வரையில் புதியவர்கள் அடிபடுவது முதல் வாரத்தில் இல்லை, இந்த இடைவெளியில்தான்.

இனி சீட்டில் இருப்பதைப் பார்க்கலாம். அவன் எழுதிய வரிசையில் போகாமல் ராடிலிருந்தே தொடங்குகிறேன்.

ராடு என்றால் பயப்படுகிறார்கள். சதீஷ் சிவலிங்கம் 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 144, 173 என்று இரண்டு வகையிலும் சேர்த்து 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியதைப் போனில் பார்த்துவிட்டு, ராடு என்றாலே அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலூர்க்காரர் செய்தது ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்). அதற்கு வருடக்கணக்கான பழக்கமும் பக்கத்திலேயே கோச்சும் வேண்டும். நான் சொல்வது ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் ராடைப் பிடித்து நிமிர்வது), பெஞ்ச் (மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளுவது), நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது, குனிந்து இழுப்பது. அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு ராடைப் போல நல்ல பதில் வேறெதுவும் தருவதில்லை. வெறும் ராடு 20 கிலோ. பெண்களுக்கென்று வரும் ராடு 15. ஜிம்மில் கிடைக்கும் சின்ன பிளேட் 1.25 கிலோ என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 2.5 கிலோ கூடும். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 2.5 ஏற்றினால், 20இல் தொடங்கிய ஸ்குவாட் ஒன்பதாவது வாரத் தொடக்கத்தில் 60 கிலோவில் நிற்கும். யாருக்கும் இப்படி வரிசையாக ஏறாது, நடுவில் எங்கேயோ நிற்கும், நின்றால் அதே எடையில் இன்னொரு வாரம். முதல் நாள் 20 கிலோவைத் தூக்கும்போது "இதென்ன பொம்மை" என்று தோன்றும். தோன்றட்டும். அந்தப் பொம்மை வாரங்களில்தான் தசைநாண்கள் பின்னாலிருந்து ஓடிவந்து சேர்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு ராடு தரும் பதில் ரேக்கைப் பொறுத்தது. ரேக்கில் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். ஸ்குவாட்டில் முழுக்க உட்காரும்போது ராடு நிற்கும் உயரத்துக்கு இரண்டு விரல் கீழே அவற்றைப் போட்டுவிட்டால், எழுந்திருக்க முடியாத அன்றைக்கு அப்படியே உட்கார்ந்து ராடை அதன் மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலுக்கு நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் அல்லவா, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் பின்னால் வழுக்காமல் இருக்க? அந்த வேலைதான் இந்தக் கம்பிகளுக்கும். ரேக் இல்லாமல் வெறும் ஸ்டாண்டு மட்டும் வைத்திருக்கும் இடமென்றால் ஸ்குவாட்டை அங்கே கற்காதீர்கள்.

பெஞ்ச்தான் எல்லாவற்றிலும் மோசம், ராடு விழும் இடம் நெஞ்சு அல்லது கழுத்து. சப்போர்ட்டுக்கு ஆள் நிற்காமல் பெஞ்ச் போடாதீர்கள். கட்டாயம் தனியாகத்தான் போட வேண்டும் என்றால் ராடின் முனையில் பிளேட் கழலாமல் பிடிக்கும் லாக்கை மாட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை வழித்துவிட்டுத் தப்பிக்கலாம். சத்தம் கேட்டு ஜிம்மே திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும். கட்டைவிரல் ராடைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். விரலை விட்டுப் பிடிப்பதை ஸ்டைல் என்று யாராவது சொல்லித்தந்தால், அவரிடம் வேறெதையும் கற்காதீர்கள்.

டெட்லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், என் இடுப்பு போனது அதில்தான்.

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று லோடுமேன்களைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் மூட்டைகள். ஒருவர் மூட்டையைத் தானே தரையிலிருந்து பிடுங்கித் தூக்குவது அரிது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, "ஹூம்" என்று ஒரே மூச்சில் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். சுமப்பவர் முழங்காலை மடக்கி முதுகைக் கொடுப்பார். மூட்டை கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உட்கார்ந்ததும் நடை. லாரியில் இறக்குவதும் இடுப்பு உயரப் பலகைக்கு. நாள் முழுக்க அத்தனை மூட்டை தூக்குபவர்கள், தரைக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை அடியைத் தனியாளாகக் கடப்பதைத் தவிர்க்கிறார்கள். யாரும் வகுப்பு எடுத்து அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஜிம்மில் நடப்பது இதற்கு நேர் எதிர். போட்டிக்கான பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அது மாட்டியிருந்தால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருக்கும். புதியவருக்கு எடை குறைவாக வேண்டும் என்று 5 கிலோ இரும்பு பிளேட்டை மாட்டுகிறார்கள். அது தட்டு அளவுதான் இருக்கும். ராடு கணுக்காலுக்கு இறங்கிவிடுகிறது. எடை குறைந்தது, குனிவு கூடிவிட்டது. குனியப் பழகாத ஆள்தான் ரொம்பக் குனிய வேண்டியிருக்கிறது. இதற்கு மருந்து மலிவு: இரண்டு மரக்கட்டைகளையோ, படுக்க வைத்த பெரிய பிளேட்டுகளையோ கீழே போட்டு ராடை உயர்த்தி வையுங்கள். புது ஆள் வந்ததும் அவரே கட்டையை எடுத்துப் போடுகிறார் என்றால் அந்த மாஸ்டரை நம்பலாம்.

மாஸ்டரை எடைபோட இன்னொரு வழியும் உண்டு. முதல் நாள் கையில் என்ன கொடுக்கிறார் என்று பாருங்கள். நல்லவர் துடைப்பக் கட்டையைக் கொடுப்பார். அதை முதுகோடு சேர்த்துப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் பட்டபடியே இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனியச் சொல்வார். கை நிறையத் துணி வைத்திருக்கும்போது பின்பக்கத்தால் கதவைச் சாத்துவோமே, அதே அசைவு. கட்டை மூன்றில் எந்த இடத்தை விட்டு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். கண்ணாடியில் தெரியாதது கட்டையில் தெரியும். முதல் நாளே பிளேட் மாட்டி, "வலிச்சாதான் ஏறும்" என்று சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, என் கதை. ஜனவரி மாதம், சேர்ந்து ஏழாவது வாரம். அப்போது நான் போய்க்கொண்டிருந்த ஜிம்மில் அன்றைக்கு மாஸ்டர் வரவில்லை. காலை ஐந்தரை மணி. எழுந்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. அதற்கு முந்தைய முறை 65 கிலோ தூக்கியிருந்தேன். பக்கத்தில் ஒருவர் 80 வைத்துத் தூக்கிவிட்டு ராடை அப்படியே விட்டுப் போனார். பிளேட்டைக் கழற்ற சோம்பல். 65க்கும் 80க்கும் நடுவில் ஆறு படி இருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியாது. முதல் இரண்டு தடவை வந்தது. மூன்றாவதில் முழங்காலுக்குக் கீழேயே இடுப்பில் "டக்" என்று ஒன்று. வலிகூட இல்லை அந்த நொடியில், வேட்டி அவிழ்ந்ததைப் போல ஒரு தளர்ச்சி மட்டும். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து அறுபத்து நான்கு படி. இருபதாவது படியில் உட்கார்ந்தவன் பால்காரர் வந்து கைகொடுக்கும் வரை எழவில்லை. ஷூ லேஸைக் குனிந்து கட்ட ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை அம்மாதான் கட்டிவிட்டார், முப்பது வயதுப் பிள்ளைக்கு.

அதில் செய்த தப்பை எண்ணினால் ஒரு கை விரல் போதாது. ஒன்றை மட்டும் பலர் அறிவதில்லை: இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது அதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து எடை தூக்கினால் டிஸ்க் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். காலையில்தான் நேரம் என்றால் அன்றைக்கு மேல்உடல் பயிற்சி செய்யுங்கள், அல்லது எழுந்து ஒரு மணி நேரம் வீட்டு வேலை பார்த்துவிட்டுப் போங்கள். டெட்லிஃப்ட் சாயங்காலத்துக்கு.

இனி மெஷின் ஜிம். இதைப் பற்றி ராடு ஆட்கள் கேலி பேசுவதுண்டு, நானும் பேசியிருக்கிறேன், தப்பு. இரண்டாவது கேள்விக்கு மெஷின்தான் முதல் மதிப்பெண்: முடியவில்லையா, விட்டுவிடலாம், எடை அடுக்கு "டங்" என்று விழும், உங்கள் மேல் அல்ல. மாஸ்டரே இல்லாவிட்டாலும் பெரிய ஆபத்து குறைவு. குறை என்னவென்றால் முதல் கேள்வியில் நடுத்தரம், எடை அடுக்கில் செருகும் பின்னை ஒரு ஓட்டை கீழே இறக்கினால் பல மெஷின்களில் 5 கிலோ கூடிவிடும். காலுக்கு அது சின்னப் படி, தோளுக்குப் பெரியது. அப்புறம் சீட்டின் உயரம். முன்னால் உட்கார்ந்தவர் ஆறடி ஆளாக இருப்பார். அவர் வைத்த உயரத்திலேயே நீங்கள் உட்கார்ந்து தள்ளினால் தோள் வேறு கோணத்தில் சுழலும். மெஷினில் மூட்டு சுழலும் அச்சும் மெஷின் சுழலும் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், பெரும்பாலும் சிவப்புப் புள்ளி ஒன்று போட்டிருப்பார்கள். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் முழங்கால் நெஞ்சைத் தொடும் அளவுக்கு இறக்கினால் இடுப்பு சீட்டை விட்டுத் தூக்கும். அங்கேயும் முதுகு போகும். மெஷின் என்றால் அடியே படாது என்பதில்லை.

அக்கா, "அப்ப எனக்கு எது நல்லதுடா?" என்று கேட்டாள். நாற்பத்தாறு வயது, படியிறங்கும்போது முழங்கால் கடுகடுக்கிறது என்பாள். அவளுக்கு நான் சொன்னது மெஷின்தான், கூடவே இரண்டு சின்ன டம்பெல். இந்த வயதுக்கு மேல் பெண்களுக்கு எலும்பு மெலிவது வேகமாகும், எடை தூக்குவது அதைத் தடுக்க உதவும். சமநிலை பிடிக்கும் கவலை இல்லாமல் கால் வலுவாகட்டும், நான்கு மாதம் கழித்து ராடு பக்கம் வரலாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், ஹெர்னியா ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் எந்த வழியானாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தள்ளும்போது மூச்சை விடுவது தொடக்கத்தில் எல்லாருக்கும் நல்லது.

வீட்டு டம்பெல்லுக்கு வருவோம். நம் ஊரில் விற்கும் மலிவு செட் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் அடைத்தது. ஒரு வருடத்தில் ஓரம் வெடித்துத் தரையெல்லாம் தூள். அது போகட்டும். படி எவ்வளவு என்று பாருங்கள்: 5 கிலோவிலிருந்து 7.5க்குப் போவது காதுக்கு இரண்டரை கிலோ, தோளுக்கு ஒரே தாவலில் ஒன்றரை மடங்கு. அதனால் டம்பெல்லில் எடையை ஏற்றும் முன் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். 5 கிலோவை 8 முறை தூக்கியவர் 15 முறை சிரமமில்லாமல் வரும்வரை அதிலேயே இருக்க வேண்டும், பிறகு 7.5இல் மறுபடி 6, 7 என்று தொடங்க வேண்டும். பிளேட் கழற்றி மாட்டும் வகையாக இருந்து, அரை கிலோ, ஒரு கிலோ பிளேட் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டம்பெல் விழுந்தால் போகும் இடம் தரை. கீழ்வீட்டில் ஆள் இருந்தால் அவர்கள் தலை. எஸ்டேட் லயன் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருப்பவை, ஒரு சுவருக்கு அப்பால் கைக்குழந்தை தூங்கும். அந்த வீடுகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு டம்பெல் உருளும் சத்தம் ஒரு சண்டைக்குப் போதுமானது. பெரிய குறை அதுவல்ல, பார்க்க ஆள் இல்லை என்பதுதான். போனைச் சுவரில் சாய்த்துப் பக்கவாட்டில் ஒரு செட்டை, அதாவது நிறுத்தாமல் தூக்கும் ஒரு சுற்றை, படமெடுத்துப் பாருங்கள். நேராக வைத்திருப்பதாக நீங்கள் நினைத்த முதுகு அதில் எப்படி இருக்கிறது என்று தெரியும். எனக்கு முதல் முறை பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

கடைசி வழியைத்தான் எல்லாரும் ஆபத்தே இல்லாதது என்று நினைக்கிறார்கள். தண்டாலில் முடியாவிட்டால் மூக்கு தரையைத் தொடும், அவ்வளவுதான். படியும் சின்னதாக்கலாம்: முதலில் சுவரில், பிறகு மேசை விளிம்பில், பிறகு படிக்கட்டில், கடைசியில் தரையில். ஆபத்து எண்ணிக்கையில் இருக்கிறது. நண்பர்களோடு பந்தயம் வைத்து முதல் நாளே 300 பஸ்கி போடுவார்கள். அடுத்த இரண்டு நாள் தொடை வலிப்பது இயல்பு. வலி தாங்க முடியாமல் தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது இயல்பு இல்லை. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல மாதம் சும்மா இருந்தவர்கள் முதல் நாள் 3 செட், செட்டுக்கு 10 பஸ்கி என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

மலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு மயக்கம். பிறந்ததிலிருந்து படி ஏறி இறங்கும் கால்கள் நமக்கு. பஸ்கி பொம்மையாக இருக்கும், ஸ்குவாட்டும் முதல் மாதம் பறக்கும். கால் தாங்குகிறதே என்று எடையை ஏற்றினால், அதே அளவுக்குப் பழகாத இடுப்பும் முதுகும் கீழே மாட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு நான் பரிந்துரைப்பது கால் பயிற்சிகளைவிட இழுக்கும் பயிற்சிகள். கம்பியில் தொங்கி இழுப்பது, குனிந்து டம்பெல் இழுப்பது. பகலெல்லாம் பச்சைத் தேயிலை மூட்டை சுமப்பவர்கள் சாயங்காலம் ஸ்குவாட் செய்யத் தேவையில்லை. வேலையிலேயே அது ஆயிற்று.

கர்லாக்கட்டை அருமையான கருவி, தோளுக்கு. படியும் அதிலேயே இருக்கிறது: கைப்பிடியில் மேலே ஏற்றிப் பிடித்தால் லேசு, கீழே நுனியில் பிடித்தால் கனம். ஆனால் தாத்தாவின் கட்டை தாத்தாவின் இருபதாவது வருடத்துக் கட்டை. நான் அதை எடைமேடையில் வைத்துப் பார்த்தேன், ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தொடங்குபவருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும். மூடுபனியில் கை ஈரமாக இருக்கும், சுழற்றும் கட்டை நழுவினால் எங்கே போகும் என்பதற்கு எங்கள் வீட்டு டியூப்லைட் சாட்சி.

ஊட்டி முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் அவர்களின் மொற்பர்த் பண்டிகையில் இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்கிக் காட்டுவார்கள். டிசம்பர், ஜனவரி வாக்கில் படம் எல்லாப் பேப்பரிலும் வரும். சமவெளியில் இளவட்டக்கல். அதைப் பார்த்துவிட்டு, "அவங்க என்ன ஜிம்முக்கா போனாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. கல்லுக்கு 1.25 கிலோ பிளேட் கிடையாது. ஒரே கல், ஒரே எடை, தூக்கினாயா இல்லையா என்பது மட்டும்தான். பரீட்சைக்கு அது சரி, பாடம் படிக்க ஆகாது.

நான்கு வழிக்கும் பொதுவாக ஒன்று, இங்கே இருப்பவர்களுக்காக. குளிர். கடலிலிருந்து குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. எங்கள் வீட்டில் வார்ம்அப்புக்குக் கடிகாரம் கிடையாது, தேங்காய் எண்ணெய் பாட்டில்தான். எண்ணெய் இளகியிருந்தால் ஐந்து நிமிடம் கைகால் வீசிவிட்டுத் தொடங்கலாம். வெள்ளையாக உறைந்திருந்தால் பதினைந்து நிமிடம். வருடத்தில் முக்கால்வாசி நாள் அது உறைந்துதான் இருக்கும் என்பது வேறு விஷயம். மூட்டுக்குள் இருக்கும் திரவமும் குளிரில் கொஞ்சம் கெட்டிப்பட்டுத்தான் இருக்கும், அசைய அசைய இளகும். வெறும் ராடில் இரண்டு செட், பாதி எடையில் ஒன்று, முக்கால் எடையில் ஒன்று, அப்புறம்தான் அன்றைய எடை. ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும்வரை கழற்றாதீர்கள், தோன்றினால் வார்ம்அப் முடிந்தது. செட்டுக்கு நடுவே உட்கார்ந்து போன் பார்த்தால் உடம்பு மறுபடி குளிர்ந்துவிடும், திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

மழை மாதங்களில் ராடு வியர்க்கும். ஒரு துண்டால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள், சாக்பொடி அனுமதித்தால் இன்னும் நல்லது. வீட்டு இரும்புக்குத் துரு ஏறாமல் தையல் மெஷின் எண்ணெய் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எடையைப் பாதியாக்கி, செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள்.

வலி எது, அடி எது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து, தசை முழுக்கப் பரவி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது வெறும் வலி. தூக்கும்போதே குத்தி, ஒரு விரலால் தொட்டுக்காட்டும்படி மூட்டில் ஒரே இடத்தில் இருப்பது அடி. அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். கால் மரத்துப்போவது, இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் ஓடுவதைப் போல இழுப்பது இரண்டுக்கும் டாக்டர். எண்ணெய் நீவுபவரிடம் அப்புறம் போகலாம்.

அக்காவுக்கு இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம்: "பதினேழு வயசுல வெயிட் தூக்குனா உசரம் நின்னுடுமாமே?" நிற்காது. ஆள் பார்க்க, முறையாக, சின்ன எடையில் தொடங்கும் பிள்ளைகளுக்கு வளர்ச்சி நிற்பதாக எதுவும் இல்லை. மாலையில் அவன் ஆடும் ஃபுட்பாலில்தான் அடிபடும் வாய்ப்பு இதைவிட அதிகம். போன வருடம் கணுக்கால் பிசகி மூன்று வாரம் வீட்டில் கிடந்தது அதில்தானே என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

அவனுக்கு நான் சொன்னது இரண்டாவது வழி. பஸ்ஸுக்கு அரை மணி நேரம் போகும், பரவாயில்லை. மாஸ்டர் துடைப்பக் கட்டை கொடுக்கிறாரா, ரேக்கில் குறுக்குக் கம்பி இருக்கிறதா என்று நானே ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது, கொடுக்கிறார். அப்படி இல்லாமல் இருந்திருந்தால் கடைவீதி மாடிக்கே அனுப்பியிருப்பேன். கற்றுத்தர ஆளில்லாத ராடைவிட ஆளில்லாத மெஷின் எவ்வளவோ மேல். செவ்வாய், வெள்ளி அங்கே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தண்டாலும் இரண்டு கிலோவில் புதிதாக வாங்கிய கர்லாக்கட்டையும். தாத்தாவுடையதைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஒரே ஒரு குறை, அங்கே இருக்கும் மிகச் சின்ன பிளேட் 2.5 கிலோ. பெஞ்சில் 30 கிலோவிலிருந்து ஒரே தாவலில் 35 என்பது அவனுக்கு அதிகம். மேட்டுப்பாளையம் போயிருந்தபோது 1.25 கிலோ பிளேட் இரண்டு வாங்கி வந்து கொடுத்தேன். புத்தகப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறான், வருகிறான். போன வாரம் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டா, பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இவன் பை மட்டும் ஏன் இன்னும் இந்தக் கனம் கனக்குது?"